எழும்பத் திணறும் படகுக்குப் புரொப்பெல்லரில் துளை

நின்ற இடத்திலிருந்து த்ராட்டிலை (வேகம் கூட்டும் பிடியை) முழுக்கத் திறக்கிறோம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிறது, பின்புறம் வெளியே மாட்டிய அவுட்போர்டு எஞ்சின் 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) முனகுகிறது. ஒருவழியாகத் தண்ணீரின் மேல் எழும்பி மேலேறிவிட்டால் பிறகு ஓட்டத்தில் குறையே இல்லை. புரொப்பெல்லரின் நடு உருளையில் துளை போடுவது இந்த ஒரு குறைக்குத்தான். வேறு குறைக்குத் துளை போட்டால் புரொப்பெல்லர் கெட்டதுதான் மிச்சம்.

ஆகவே ட்ரில்லை எடுக்குமுன் முழு த்ராட்டில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். வழக்கமான ஆள், எரிபொருள், சாமானோடு, அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் சுரண்டிய படகில் பார்க்க வேண்டும். எஞ்சின் கையேட்டில் 5,000 முதல் 6,000 வரை என்றிருந்து உங்களுக்கு 4,700தான் வருகிறது என்றால் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம், அதிகம். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். 19 பிட்சை 17 ஆக மாற்றினாலே பாதிப் படகுகளின் திணறல் போய்விடும், துளைக்கு வேலையே இருக்காது.

ஏட்டு வேகத்தைவிட உண்மை வேகம் எவ்வளவு குறைகிறது என்ற நழுவலையும் கணக்குப் போட்டுவிடுவது நல்லது. ஆர்பிஎம்மை கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, 0.001524ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கி.மீ. என்று ஏட்டு வேகம் கிடைக்கும். 5,600 ஆர்பிஎம், விகிதம் 2.15, பிட்ச் 17 என்றால் 67.5 கி.மீ. ஜிபிஎஸ் 58 காட்டினால் நழுவல் 14 சதவீதம். மேலேறி ஓடும் படகுக்கு 10 முதல் 15 வரை சரி. 25ஐத் தாண்டினால் பிளேடு அடிபட்டிருக்கலாம், நடு உருளைக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கலாம், அல்லது எஞ்சினை உயரத்தில் மாட்டியிருக்கலாம். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான காவிட்டேஷன் பிளேட் படகின் அடித்தளத்துக்கு நேராகவோ, மிஞ்சினால் ஓர் அங்குலம் மேலேயோ இருக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கிளம்பும்போது மட்டும் திணறினால்தான் துளை. புகை நடு உருளை வழியாகப் பின்னால் போகும் எஞ்சினில்தான் இது பலிக்கும். பிளேடின் படகை நோக்கிய முன்முகத்தில் அழுத்தம் குறைவாக இருக்கும். அங்கே துளை இருந்தால் புகை கொஞ்சம் அந்தப் பக்கம் கசிந்து தண்ணீரோடு கலக்கும். கலந்த தண்ணீர் லேசானது, பிளேடின் பிடி தளரும், எஞ்சின் சட்டென்று 3,500, 4,000 என்று தன் பலம் இருக்கும் இடத்துக்கு ஏறிவிடும். படகு வேகம் எடுத்ததும் தண்ணீர் துளையைத் தாண்டி வேகமாக ஓடுவதால் புகை மறுபடி பின்வழியே போகும், பிடி திரும்பிவிடும். மெர்க்குரி நிறுவனம் மிராஜ் பிளஸ், எனர்ஷியா போன்ற புரொப்பெல்லர்களில் இந்தத் துளைகளை வைத்தே விற்கிறது. அவற்றில் பிளாஸ்டிக் அடைப்பான் மாற்றிப் பார்க்கலாம் என்பதால், அப்படி ஒன்று கிடைத்தால் ட்ரில்லைத் தொடவே வேண்டாம்.

நீண்ட தண்டின் முனையில் புரொப்பெல்லர் இருக்கும் நம் கரையோர லாங் டெயில் டீசல் எஞ்சின்களுக்கு இதில் பயன் இல்லை. அவற்றின் புகை சைலன்சர் வழியே காற்றில் போகிறது, புரொப்பெல்லருக்கு வருவதே இல்லை. மேலேறி ஓடாத கனத்த படகுகளுக்கும் வேண்டாம்.

துளையின் இடம்தான் முக்கியம். ஒவ்வொரு பிளேடின் முன் விளிம்பும் உருளையைத் தொடும் இடத்திலிருந்து 10, 15 மி.மீ. பின்னால், படகை நோக்கிய முகத்தின் பக்கம். பிளேடு உருளையோடு வளைந்து சேரும் தடிப்பில் போடக்கூடாது, அங்கேதான் விரிசல் பிறக்கும். உருளைக்குள் விலா எலும்பு போல இருக்கும் தாங்கு சட்டங்களில் ட்ரில் இறங்காதபடி பின்பக்கமிருந்து எட்டிப் பார்த்துக் குறியுங்கள். ஒரு பிளேடில் குறித்ததைக் காகிதத்தில் அச்செடுத்து மற்றவற்றில் ஒட்டினால் இடம் மாறாது. மாறினால் எடை சமநிலை கெட்டு, பின்பகுதி அதிரும்.

பஞ்ச் அடித்து, 3 மி.மீ. துளை முதலில், பிறகு 6 மி.மீ. அலுமினியத்துக்குச் சாதாரண எச்எஸ்எஸ் பிட்டும் மண்ணெண்ணெயும் போதும். ஸ்டீல் என்றால் கோபால்ட் பிட், கட்டிங் ஆயில், 6 மி.மீ.க்கு 500 ஆர்பிஎம் அளவில் மெதுவாக, அழுத்தத்தை விடாமல். வெறுமனே உரசவிட்டால் ஸ்டீல் அந்த இடத்தில் இறுகி பிட்டைத் தின்றுவிடும். விளிம்பைச் சீவி மழுக்குங்கள். அலுமினியத்தில் பிரைமர் அடிக்க வேண்டும். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட் அரிப்பைத்தான் கொண்டுவரும்.

6 மி.மீ. துளையோடு தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். அதே ஆட்கள், அதே எரிபொருள், எஞ்சின் டிரிம் (சாய்வு) முழுக்கப் படகை நோக்கி உள்ளே. நின்ற இடத்திலிருந்து 30 கி.மீ. எட்ட எத்தனை வினாடி என்று காற்றின் இரு திசையிலும் அளக்க வேண்டும். மாற்றம் தெரியாவிட்டால் 1.5 மி.மீ. கூட்டுங்கள். 10 மி.மீ.க்கு மேல் போக அவசியம் அபூர்வம். ஆர்பிஎம் எகிறி படகு நகராமல் நின்றாலோ, திருப்பத்தில் பிடி விட்டாலோ துளை பெரிதாகிவிட்டது. ஆர்கான் வெல்டிங்கில் அடைக்கலாம், ஆனால் பிறகு பேலன்ஸ் பார்த்தாக வேண்டும். திருப்பத்தில் மட்டும் லேசாக நழுவினால் பட்டறையில் பிளேடின் பின் விளிம்பைச் சற்றே உள்வளைக்கச் சொல்லலாம். அது பிடியைக் கூட்டும், முழு த்ராட்டிலில் 150 முதல் 300 ஆர்பிஎம் வரை தின்னும். அந்த இழப்புக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்த பின்தான் செய்ய வேண்டும்.

கழற்றும்போதும் மாட்டும்போதும் கியர் நியூட்ரலில், கில் சுவிட்ச் கயிறு கையில், பேட்டரி துண்டித்தபடி. கழற்றிய கையோடு ஷாஃப்டில் தங்கூசி (நைலான் மீன்பிடி நரம்பு) சுற்றியிருக்கிறதா பாருங்கள், அது ஆயில் சீலை அறுத்து கியர் பெட்டிக்குள் தண்ணீரை விடும். ஷாஃப்டின் பல்வரிகளில் கிரீஸ், த்ரஸ்ட் வாஷர் சரியான பக்கம் பார்த்து, நட்டுக்குக் கையேட்டில் சொன்ன முறுக்கம். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட்டிருந்தால் பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள், புதிதாகப் போடுங்கள்.