வலந்தலை எங்கடா போச்சு?

பெரியப்பா தவில் வாசித்த அறுபது நிமிடக் கேசட் ஒன்று எங்கள் வீட்டு பீரோவில் கிடந்தது. மேலே நீல மையில் 'மல்லாரி, தோடி' என்று அவர் கையெழுத்து. மன்னார்குடிப் பக்கம் ஒரு கோவில் திருவிழாவில், ஒரே மைக் உள்ள டேப் ரிக்கார்டரில் யாரோ பிடித்துக் கொடுத்தது. போன மாதம் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், சுருக்காத வேவ் ஃபைலாகச் சேமித்தபோது முப்பது நிமிடம் ஓடும் ஒரு பக்கமே 317 எம்பி வந்தது.

கும்பகோணத்து அத்தைக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும், அவருக்கு அண்ணன் வாசிப்பு. ஆனால் அத்தை போனில் எப்போதும் இடம் இருக்காது. அவசரப்பட்டு, நொடிக்கு 32 கிலோபிட் மட்டும் எடுக்கும் எம்பி3 ஆக்கினேன். 7 எம்பிதான். வாட்ஸ்அப்பில் நொடியில் போய்விட்டது. மறுநாள் காலையில் போன் வந்தது. "தொப்பிச் சத்தம் கேக்குதுடா தம்பி. வலந்தலை எங்கடா போச்சு?"

ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். அத்தை சொன்னது சரி. தவிலில் குச்சியால் அடிக்கும் இடது முகம் தொப்பி, விரல்களால் வாசிக்கும் வலது முகம் வலந்தலை. கூடு என்ற கெட்டியான உறை போட்ட விரல்கள் தோலில் விழும் அந்தப் படபடப்பு மழுங்கிக் கிடந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல் முன்னால் 'உஸ்' என்று ஏதோ கசிந்தது. தாளம் தண்ணீருக்குள் தட்டுவது போல இருந்தது.

பலத்த சத்தத்துக்குப் பக்கத்தில் மெல்லிய சத்தம் வந்தால் காது அதைக் கவனிக்காது. எம்பி3 அப்படிப்பட்டதைப் பார்த்துத்தான் கழிக்கிறது. போதிய கிலோபிட் கொடுத்தால் கழித்தது நமக்குத் தெரியவே தெரியாது. 32 கொடுத்தால் அதற்கு வேறு வழியில்லை, மேல் ஸ்தாயி ஒலிகளை வெட்டுகிறது. இசையைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குவதால், ஒரு துண்டின் நடுவில் சுளீரென்று அடி விழுந்தால் அதன் பிழை துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாலேயே கேட்கும். அதனால் நாகஸ்வரத்தின் நீண்ட நாதம் ஓரளவு தப்பிக்கிறது, தவில்தான் முதலில் அடிபடுகிறது.

நான் முதலில் கை வைத்திருக்க வேண்டியது வேறு இடம். ஒரே மைக்கில் பிடித்ததை ஸ்டீரியோவில் ஏற்றியிருந்தேன். இடது, வலது இரண்டு சேனலிலும் அதே வாசிப்புதான். ஒரே சேனலாக, அதாவது மோனோ ஆக்கியதும் 317 எம்பி 159 ஆனது, வாசிப்பில் ஒன்றும் குறையவில்லை. அதிலிருந்து 96 கிலோபிட் எம்பி3 எடுத்தேன். 22 எம்பி. எம்பி3 போலவே ஒலியைச் சுருக்கும் ஓப்பஸ் வடிவில், 64 கிலோபிட்டில் 14 எம்பிதான் வந்தது, என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. 2012இல் தரப்படுத்தப்பட்ட அருமையான வடிவம் அது. ஆனால் அத்தை போனில் அந்த ஃபைல் திறக்கவில்லை. எம்பி3தான் போனது.

இதற்குள் என் தங்கை அந்த 7 எம்பி ஃபைலையே 128 கிலோபிட்டுக்கு மாற்றி உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். ஃபைல்தான் பெருத்தது, போன வலந்தலை திரும்பவில்லை. தயவுசெய்து சுருக்கியதிலிருந்து மறுபடி சுருக்காதீர்கள். மோனோ மூலத்தை ஃப்ளாக் (FLAC) என்ற ஃபைல் வடிவில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பிட் கூடப் போகாது, எந்த அளவு வேண்டுமானாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

22 எம்பி ஃபைலைக் கேட்டுவிட்டு அத்தை சாயங்காலம் கூப்பிட்டார். "வாசிப்பை முடிச்சுத் தீர்மானம் வைக்கிறப்ப கடைசி அடியைக் கொஞ்சம் தள்ளி வைப்பாரு உங்க பெரியப்பா. இப்ப கேக்குதுடா."

பின்பக்கம் இன்னும் ஏற்றவில்லை. நாடா ஓரிடத்தில் மடிந்திருக்கிறது, மெதுவாக நீவிக்கொண்டிருக்கிறேன்.