மெஷின் எழுதியதை மடித்துவிட்டுப் படித்தேன்

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது ஈசிஜி என்றால் எங்களுக்கு வார்டு வகுப்பில் சார் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் சில பழைய தாள்கள்தான். எல்லாம் லட்சணமான ஈசிஜிகள். இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது), இது கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் (மேலறையின் மின் துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேராதது) என்று பார்த்ததும் பெயர் சொல்லிவிடலாம். வட சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் காஷுவாலிட்டியில் சேர்ந்த பிறகுதான் மற்ற வகையைப் பார்த்தேன். ஒருவருக்கு நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருப்பேன், பின்னாலிருந்து ஒரு கை நீளும். "மேடம், நாலாம் பெட் ஈசிஜி. பாத்துட்டு சைன் போடுங்க." நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து ஒரு டாக்டர் பார்த்துவிட வேண்டும் என்பது எல்லா வழிகாட்டு நெறிமுறைகளிலும் இருக்கிறது. சரியான விதிதான். ஆனால் அந்த டாக்டருக்குக் கிடைப்பது அரை நிமிடம், அதுவும் கையில் கிளவுஸோடு.

இந்த அரை நிமிடத்துக்கு எப்படித் தயாரானீர்கள் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். எந்தப் புத்தகம் மேடம் என்பதுதான் அடுத்த கேள்வி. புத்தகம் எல்லாரும் படிப்பதுதான். எனக்கு உதவியது, பார்த்த ஈசிஜிகளில் சந்தேகமானவை ஒவ்வொன்றும் கடைசியில் என்ன ஆயிற்று என்று துரத்திக்கொண்டு போனது.

முதலில் கற்ற பழக்கம் மடிப்பது. எங்கள் மெஷின் தாளின் மேல் ஓரத்தில் தன் கருத்தையும் அச்சடித்துத் தரும். எண்களை அளப்பதில் அது கெட்டி. ரேட்டையும் பிஆர் இடைவெளியையும் (மேலறையிலிருந்து கீழறைக்கு மின் துடிப்பு போகும் நேரம்) பெரும்பாலும் நம்பலாம். தீர்ப்பு சொல்வதில்தான் வில்லங்கம். கை நடுங்கும் நோயாளிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எழுதும். மாரடைப்பு அப்போதுதான் தொடங்கும் ஆளுக்கு 'நார்மல்' என்றும் எழுதும். எங்கள் சீனியர் ஒருவர் தாளை வாங்கியதும் அந்த ஓரத்தைப் பின்பக்கம் மடித்துவிட்டுத்தான் பார்ப்பார். "அது சொன்னதைப் படிச்சிட்டா அப்புறம் உன் கண்ணு அதைத்தாம்மா தேடும்" என்பார். முழுக்கப் பார்த்து முடித்த பிறகு மடிப்பைப் பிரித்துப் பார்ப்போம். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ரேட், ரிதம், ஆக்ஸிஸ் (மின் துடிப்பு போகும் திசை), கியூஆர்எஸ் (கீழறைகள் சுருங்கும்போது வரும் கூரான அலை), அதன் பின் எஸ்டி (அதைத் தொடரும் கோடு), டி (கடைசி அலை) என்று ஒரே வரிசையில் போவது, பேப்பர் வேகம் நொடிக்கு 25 மில்லிமீட்டர்தானா, உயரம் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர்தானா என்று பார்ப்பது, இதெல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே.

புத்தகத்தில் ஒரு படத்தோடு முடிந்துபோகிற விஷயம் லீடு வைப்பது, அதாவது ஈசிஜி ஒயர்களை உடம்பில் சரியான இடத்தில் ஒட்டுவது. அதைக் கற்க, டெக்னீஷியன் பக்கத்தில் நின்று சில நாள் நானே எடுத்தேன். இன்னமும் பல இடங்களில் ரப்பர் பல்பை அமுக்கி ஒட்டவைக்கும் கப்புகள்தான். ஜெல் காய்ந்தால் ஒன்று கழன்று விழும், கோடு அலையடிக்கும். மார்பு லீடுகளான வி1, வி2 இரண்டும் நாலாவது விலா இடுக்கில், நடு எலும்பின் இரு பக்கமும் வர வேண்டும். அவசரத்தில் கண்மதிப்பாக வைத்தால் இரண்டாவது இடுக்குக்கு ஏறிவிடும். அந்த இரண்டு லீடுகளிலும் கியூஆர்எஸ்ஸில் மேலே நிற்கும் ஆர் அலை சுருங்கி, டி தலைகீழாகி, இல்லாத நோயெல்லாம் தெரியும். பெண்களுக்கு இன்னும் சிக்கல். ஜாக்கெட்டை முழுதாகத் தளர்த்தச் சொல்ல டெக்னீஷியன் தம்பி கூச்சப்படுவார், அந்த அம்மாவும் சங்கடப்படுவார், கப்பு துணி விட்ட இடத்தில் போய் உட்காரும். திரை போட்டு, ஒரு சிஸ்டரைப் பக்கத்தில் நிறுத்தி, மார்பகத்துக்குக் கீழே வி4 வைக்கப் பழக்கினோம். வலது கை, இடது கை ஒயர் மாறியிருந்தால் கை கால் லீடுகளில் லீட் 1 முழுக்கத் தலைகீழாக இருக்கும், ஏவிஆர் நிமிர்ந்து நிற்கும். அதைக் கண்டதும் நோயைத் தேடாமல் ஒயரைத் தேட வேண்டும்.

அப்புறம் நோட்டு. சந்தேகமான ஈசிஜியைப் பெயரும் ஐபி நம்பரும் தெரியாதபடி மறைத்து நகல் எடுத்து ஒட்டுவேன். இது வெப்பத்தில் அச்சாகும் தாள், வைத்திருந்தால் வெளுத்துப்போகும், அதனால் நகல்தான். பக்கத்திலேயே என் ஊகத்தை ஒரு வரியில் எழுதிவிடுவேன். எழுதுவது முக்கியம். மனசுக்குள் நினைத்துக்கொண்டால் விடை வந்ததும் 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்று மனசு தந்திரமாகச் சொல்லிவிடும். ட்யூட்டி முடிந்து கிளம்பும்போது, ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் பக்கம் ஒரு எட்டு போவேன். எந்த ரத்தக்குழாய், எந்த இடத்தில் அடைப்பு? ஆஞ்சியோ செய்யாதவர்களுக்கு ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) எவ்வளவு, எக்கோ என்ன சொன்னது? கேத் லேப் ஸ்டாஃபுக்கு முதலில் இது தொல்லையாகத்தான் இருந்தது. போகப் போக, நான் வந்தாலே "மேடம், உங்க ஆளுக்கு எல்ஏடி" (இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய்) என்று கதவருகிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்த நோட்டில் அதிகம் தேய்ந்த பக்கம் ஒரு ஆட்டோ ஓட்டுநருடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர். "ராத்திரி பரோட்டா சாப்ட்டேன் மேடம், கேஸ் பிடிச்சிருக்கு, ஒரு ஊசி போட்டு விடுங்க, சவாரி இருக்கு" என்றார். கீழ்ப்பக்க லீடுகளான 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் எஸ்டி கோட்டோடு கோடாகத்தான் இருந்தது. மடிப்புக்குள்ளே 'நார்மல்'. ஏவிஎல் மட்டும் உறுத்தியது. அதில் எஸ்டி கொஞ்சம் தொங்கி, டி அலை கீழ்நோக்கி இருந்தது. இதயத்தின் அடிப்பக்கம் அடிபடத் தொடங்கும்போது எதிர்ப்பக்கமான ஏவிஎல் சில சமயம் முதலில் முனகும். அவரை நகரவிடாமல் கால்மணி நேரத்தில் மறுபடி எடுத்தோம். லீட் 3இல் எஸ்டி மேலே ஏறியிருந்தது, லீட் 2ஐவிட அதிகமாக. வலது கரோனரி ரத்தக்குழாயில் அடைப்பு என்று நினைக்கவைக்கும் அடையாளம் அது. உடனே வி4 கப்பை மார்பின் வலது பக்கத்தில் அதே உயரத்தில் மாற்றி வைத்து ஒன்று எடுத்தோம், அதிலும் எஸ்டி ஏறியிருந்தது. வலது வென்ட்ரிக்கிளும் (கீழறை) சேர்ந்து அடிபட்டால், நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பிரஷரைத் தடாலென இறக்கிவிடலாம். நெஞ்சுவலி என்றாலே அந்த மாத்திரையைக் கையில் எடுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். சிஸ்டரும் எடுத்து வைத்திருந்தார், "வேணாம் சிஸ்டர், சலைன் போடுங்க" என்றேன். ஆஞ்சியோவில் வலது கரோனரியின் தொடக்கத்திலேயே அடைப்பு. அவர் மனைவி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கேஸுன்னுதானே சொன்னாரு?"

நோட்டைத் திருப்பிப் பார்த்தால் எஸ்டி ஏறாமலே குழாய் அடைத்திருந்தவர்களும் கணிசம். வி1 முதல் வி3 வரை எஸ்டி இறங்கி, ஆர் உயர்ந்திருந்தால் முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே அரை மில்லிமீட்டர் ஏற்றமே போதும். எஸ்டி கீழிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து ஏறி, உயரமான கூர் டி அலையில் முடிந்தால் அது 2008இல் டி வின்டர் குழுவினர் எழுதிய வடிவம், எல்ஏடி அடைப்புக்கு அறிகுறி. வலி நின்று ஆசாமி சிரித்துப் பேசும் நேரத்தில் வி2, வி3இல் டி அலை ஏறி இறங்கினால் 1982இல் வெல்லன்ஸ் குழுவினர் சொன்னது, எல்ஏடி மிகவும் சுருங்கியிருப்பதற்கான எச்சரிக்கை. அவரை ட்ரெட்மில்லில் ஏற்றக் கூடாது. மறுபக்கமும் உண்டு. வருஷக்கணக்கில் பிரஷருக்கு மாத்திரை எடுக்காமல் இதயச் சுவர் தடித்தவர்களும், ஜிம்முக்குப் போகும் இருபது வயதுப் பையன்களும் எஸ்டி ஏற்றத்தோடு வந்து நம்மைப் பதற வைப்பார்கள். பழைய ஈசிஜி ஒன்று கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மஞ்சப்பையில் ஃபைலைச் சுருட்டிக் கொண்டுவரும் தாத்தாக்களை அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

எல்லா விடைக்கும் கேத் லேப் வரை போக வேண்டியதில்லை. டயாலிசிஸுக்கு இரண்டு முறை போகாமல் விட்ட ஒருவர் "கால் தள்ளாடுது" என்று வந்தார். மேலறைகள் தரும் பி அலையே இல்லை, கியூஆர்எஸ் அகலமாகி டி அலையோடு குழைந்து கிடந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியிருப்பதன் அடையாளம் இது. பொட்டாசியம் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் மானிட்டரைப் பார்த்தபடியே கால்சியம் குளுகோனேட் ஏற்றினோம். சில நிமிடங்களில் கியூஆர்எஸ் கண்ணெதிரே மெலிந்தது. லேபிலிருந்து போன் வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது.

ராத்திரியில் கார்டியாலஜிஸ்டை எழுப்புவது தனிக் கலை. "எஸ்டி எலிவேஷன் இருக்கா, இல்லையா?" என்று தூக்கக் குரலில் கேட்பார்கள். இருக்கு, இல்லை என்பதற்கு நடுவில் உள்ளதைச் சொல்லத்தான் நாம் கூப்பிட்டிருப்போம். இப்போதெல்லாம் முதல் ஈசிஜி, இரண்டாவது ஈசிஜி இரண்டையும் நேரம் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பிவிட்டுத்தான் கூப்பிடுகிறேன். 'சார், வலி போகல, லீட் 3 மாறிக்கிட்டே இருக்கு' என்று ஒரே வாக்கியம். வாதம் குறைந்துவிட்டது.

பயிற்சியால் இது உண்மையிலேயே கூடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் ஜாமா இன்டர்னல் மெடிசினில் வெளியான ஒரு கட்டுரையில், எல்லா நிலை மருத்துவர்களையும் மாணவர்களையும் சேர்த்து ஈசிஜி வாசிப்பின் துல்லியம் பயிற்சிக்கு முன் 54 விழுக்காடு, பின் 67. கார்டியாலஜிஸ்டுகளே 75ஐ ஒட்டித்தான். நம் மாநிலத்தின் ஸ்டெமி (எஸ்டி ஏற்றத்தோடு வரும் மாரடைப்பு) திட்டத்தில் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய மையங்களோடு இணைத்தார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்தச் சங்கிலியிலும் முதல் கண்ணி யாரோ ஒருவர் ஈசிஜியைப் பார்ப்பதுதான்.

இப்போது வாரம் ஒருமுறை ஹவுஸ் சர்ஜன்களோடு உட்கார்ந்து நோட்டிலிருந்து சில ஈசிஜிகளைப் பார்க்கிறோம். நோயாளியின் வயது, என்ன சொல்லி வந்தார், இவ்வளவுதான் முதலில் சொல்வேன். அவர்களும் எழுதிய பிறகே விடை. எனக்கே இன்னும் பிடிபடாதது, அகலமான கியூஆர்எஸ்ஸோடு வேகமாக ஓடும் ரிதம். கீழறையிலிருந்து கிளம்பும் வி.டி.யா, அதற்கு மேலிருந்து கிளம்பி பண்டில் பிளாக்கோடு (மின்பாதையில் தடை) வரும் எஸ்.வி.டி.யா என்று பிரிக்கும் விதிகளை எத்தனை முறை படித்தாலும் நள்ளிரவில் அவை வரிசையாக நினைவுக்கு வருவதில்லை. சந்தேகமென்றால் வி.டி. என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் செய்வது, பிரஷர் விழுந்தால் ஷாக், பொட்டாசியத்தை மறக்காமல் பார்ப்பது, இப்போதைக்கு இப்படித்தான் ஓடுகிறது. இந்த ரிதம் உள்ள ஈசிஜிகள் கையில் இருப்பவர்கள், ஆளின் அடையாளத்தை மறைத்துவிட்டு, கடைசியில் என்ன ஆயிற்று என்பதோடு சேர்த்து எனக்கும் காட்டுங்கள்.