கச்சான் ஆச்சியும் நான்காம் வேற்றுமையும்

என் முதல் ஊடாடும் கதையை முடிக்கப் பதினொரு மாதம் பிடித்தது. எழுதியது ட்வைனில். கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்ட இலவச மென்பொருள். கதையைத் துண்டு துண்டாக எழுதி, இரட்டைச் சதுர அடைப்புக்குள் அடுத்த துண்டின் பெயரைப் போட்டால் வாசகர் தட்டும் தெரிவாகிவிடும். ஒரே மாலையில் பிடிபட்டது.

கதை நடப்பது கொழும்பில். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில், கடல் தண்டவாளத்தை நனைக்கும் இரவுகளில் மட்டும் தோன்றும் ஒரு ரயில் நிலையம். அங்கே கச்சான் விற்கும் ஆச்சி வாசகரின் பெயரைக் கேட்பாள். தட்டெழுதிய பெயர் கதை முழுக்க வரவேண்டும். அங்கேதான் சிக்கினேன்.

ஆங்கிலத்தில் எந்தப் பெயரையும் அப்படியே வாக்கியத்தில் செருகலாம். நான் பெயரோடு 'உக்கு' சேர்த்தேன், திரையில் 'கண்ணன்உக்கு' என்று வந்தது. கண்ணனுக்கு, மாலாவுக்கு, ராணிக்கு, நியாஸுக்கு என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. விதி எழுதி எழுதி இரண்டு வாரம் போனது. போதாததற்கு வந்தானா, வந்தாளா?

தமிழ்ச் சங்க நூலகத்தில் பழக்கமான ஓர் அக்காவிடம் புலம்பினேன். "எங்கட ஊரில எந்த ஆச்சி பேர் சொல்லிக் கூப்பிடுறவ? 'பிள்ளை' எண்டுதானே கூப்பிடுவா" என்றார்.

அன்றிரவே கதையை மாற்றினேன். ஆச்சி பெயரை வாங்கிக் கச்சான் சுருளுக்குள் மடித்து வைத்துக்கொள்வாள். அதன்பின் எல்லோருக்கும் நீ 'பிள்ளை'தான். ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். 'நீ வந்தாய்' என்பதிலும் ஆண், பெண் வேறுபாடு இல்லை. தமிழ் இவ்வளவு வசதி செய்து தந்திருப்பதைக் கவனிக்காமல் அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். பிரவுசரில் எழுதினால் ட்வைன் கதையை அந்தப் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கும். போனில் இடம் பிடிக்கிறதே என்று பிரவுசர் தரவை அழிப்பதுபோல கணினியிலும் அழித்தேன், நாற்பது துண்டு போய்விட்டது. அழுதேன். இப்போது எழுதி எழும்பும்போதெல்லாம் ஒரு பிரதி இறக்கி வைக்கிறேன்.

முடித்ததும் முழுக்கதையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வந்தது. மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். 100ஆம் இலக்க பஸ்ஸில், டேட்டா இல்லாமலே வாசித்துவிட்டு எனக்குக் கோல் எடுத்தாள்.

"என்ர பேரை ஆச்சியிட்ட இருந்து திருப்பி எப்படி வாங்குறது?"

"கச்சானைத் தின்னாமல் வைச்சிருந்து பார்" என்றேன்.