செங்குத்து வேறு, நிலைக்குத்து வேறு: தரம் 7 கேத்திரகணித நாட்குறிப்பு

பெப்ரவரி 5, 2025, புதன்

இன்று கோணம் தொடங்கியது. கோணத்தைக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் மேசை மூலையைத் தொடுவார்கள், கொப்பி மூலையைத் தொடுவார்கள். அதைப் பிழை என்று சொல்லக்கூடாது. ஆனால் மூலை என்பது ஓர் இடம், கோணம் என்பது அதன் ஒரு கை, அதாவது ஒரு பக்கக் கோடு, மற்றக் கையிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற அளவு. இந்த வித்தியாசம் முதல் நாளே கையில் படாவிட்டால் பாகைமானி எடுக்கும்போது எல்லாம் குழம்பும்.

இன்னொரு சிக்கலை நம் பேச்சே உண்டாக்குகிறது. வீட்டில் கோணல் என்றால் நேராக இல்லாதது. வேலி கோணல், தலை உச்சி கோணல். அதனால் 180 பாகையைக் காட்டி இதுவும் கோணம் என்றால், "சேர், அது நேராத்தானே கிடக்குது" என்ற பதில் வரும். அந்தப் பிள்ளை தமிழைச் சரியாகத்தான் விளங்கியிருக்கிறது. அரைச் சுற்றுத் திரும்பியிருக்கிறது என்பதைக் கண்ணால் காட்டினால்தான் அது மாறும்.

செய்முறை: சைக்கிள் வால்வு ரியூப்பில் 2 செ.மீ. துண்டு, தென்னை ஈர்க்கின் தடித்த அடிப்பகுதியில் இரண்டு துண்டுகள். ரியூப்பின் இரு முனையிலும் ஈர்க்கைச் செருகினால் மடக்கித் திறக்கும் கோணம் கிடைக்கும். ரியூப் 2 செ.மீ.ஐ விட நீண்டால் உச்சி புள்ளியாக இராது, வளைந்து நிற்கும். ஈர்க்கின் நுனிப் பகுதியை எடுத்தால் வழுக்கி வெளியே வரும். ஒரு கையை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கால், அரை, முக்கால், முழுச் சுற்று என்று திருப்பச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லிக்கொண்டே திருப்ப வேண்டும்.

இதற்குப் பிறகு 5 செ.மீ. கைகளோடு ஒன்று, 15 செ.மீ. கைகளோடு ஒன்று. இரண்டையும் ஒரே அளவு திறந்து எது பெரிது என்று கேட்டால் வகுப்பில் பலர் நீண்டதைக் காட்டுவார்கள். விளக்கம் தேவையில்லை. பட்டம் கட்டும் ரிசுக் கடதாசியில் சிறியதைப் படியெடுத்துப் பெரியதன் மேல் வைக்கட்டும். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும்.

பெப்ரவரி 10, திங்கள்

பாகைமானி. ஒரு பாடவேளை 40 நிமிடம் இதற்குப் போதாது. இரண்டு பாடவேளை ஒதுக்குவதே நல்லது.

பொதுவாக நடக்கும் பிழை, இரண்டு வரிசை எண்களில் தவறானதை வாசிப்பது. 60க்குப் பதில் 120. இதற்கு மருந்து எளிது: பாகைமானியைத் தொடுவதற்கு முன் கூர்ங்கோணமா விரிகோணமா என்று கொப்பியில் எழுதச் செய்ய வேண்டும். எழுதியபின் 120 என்று வாசித்தால் பிள்ளையே திடுக்கிட்டு நிற்கும்.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை. பிளாஸ்ரிக் பாகைமானியில் பூச்சியக் கோடு அடி விளிம்பில் இல்லை, அதற்கு 4 மி.மீ. அளவு மேலே இருக்கிறது. பிள்ளைகள் அடிமட்டத்தில் பழகியவர்கள், விளிம்பைத்தான் கோட்டோடு பொருத்துவார்கள். அப்படி வைத்தால் உச்சி மையத்திலிருந்து 4 மி.மீ. கீழே போய்விடும். 5 செ.மீ. ஆரையுள்ள பாகைமானியில் 30 பாகை 26 ஆகத் தெரியும், 60 பாகை 58க்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். 90 பாகை மட்டும் 90 ஆகவே நிற்கும். ஆகவே செங்கோணத்தை வைத்துச் சோதித்தால் பிழை பிடிபடாது.

நேர்கோட்டின் மேலுள்ள இரண்டு அடுத்துள்ள கோணங்களை அளந்து கூட்டிப் பார்க்கும் சோதனையும் இங்கே உதவாது. 30 பாகை 26 ஆகக் குறையும்போது அதன் மிகைநிரப்பியான, அதாவது அதோடு கூட்டினால் 180 தரும், 150 பாகை 154 ஆகக் கூடும். கூட்டினால் அழகாக 180 வரும். பிள்ளை சரி என்று நம்பிவிடும்.

காட்டிக்கொடுப்பது முக்கோணிதான். கூர்ங்கோணங்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் குறைவதால், சமபக்க முக்கோணியின் கூட்டுத்தொகை 180க்குப் பதில் 173 அளவில் வந்து நிற்கும். ஒரு வகுப்பில் பலருக்கு 173, 174 என்று வந்தால் கவனக்குறைவு என்று ஏசக்கூடாது. பாகைமானியை வாங்கிப் பூச்சியக் கோட்டில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தால் போதும். இந்த ஒரு கோட்டுக்குள்ள பலனை எத்தனை விளக்கத்தாலும் கொடுக்க முடியாது.

பெப்ரவரி 13, வியாழன்

கை நீளம் போதாமல் பாகைமானியின் எண்களைத் தொடாத கோணங்கள். பிள்ளைகள் கண்மதிப்பில் நீட்டி வாசிக்கிறார்கள். கோட்டை மெல்லிய பென்சில் கோட்டால் நீட்டச் சொல்ல வேண்டும், நீட்டினால் கோணம் மாறுமா என்று அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். 5ஆம் திகதிப் பாடம் இங்கே திரும்பி வருகிறது.

பின்வளைகோணம், அதாவது 180 பாகையை விடப் பெரிய கோணம்: சிறிய கோணத்தை அளந்து 360இலிருந்து கழிப்பது. வளைவுக் குறியை எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்று முதலில் விரலால் தடவிக் காட்டட்டும்.

பெப்ரவரி 17, திங்கள்

இந்த மாதத்தில் மிகவும் கவனமாகக் கையாள வேண்டிய சொல் செங்குத்து.

ஊர்ப் பேச்சில் செங்குத்து என்றால் நிமிர்ந்து நிற்பது. பாடத்தில் செங்குத்து என்றால் இரண்டு கோடுகளுக்கு இடையே 90 பாகை, அவை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும். நிமிர்ந்து நிற்பதற்குப் பாடத்தில் உள்ள சொல் நிலைக்குத்து. கரும்பலகையில் நாம் எப்போதும் கிடைக்கோடு கீறி அதன்மேல் நிமிர்த்திக் கோடு போடுவதால் இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. சாய்ந்த கோடு ஒன்றைக் கொடுத்து அதற்குச் செங்குத்து வரை என்றால் பாதி வகுப்பு கொப்பியின் ஓரத்துக்குச் சமாந்தரமாகக் கோடு போட்டுவிடும்.

வெளியே கூட்டிப் போனால் பத்து நிமிடத்தில் தெளியும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அது நிலைக்குத்து. பனை அநேகமாக அந்த நூலோடு ஒத்து நிற்கும். சாய்ந்த தென்னை ஒத்து நிற்காது. இனி, கிழிந்த ஓரமுள்ள ஏதாவது ஒரு கடதாசியை ஒருமுறை மடித்து, அந்த மடிப்புக் கோடு தன்மேலேயே படியும்படி இன்னொருமுறை மடிக்க வேண்டும். கிடைக்கும் மூலை செங்கோணம். ஏன் என்று கேட்டால் விடை அவர்களிடமே வரும்: நேர்கோணத்தைச் சரிபாதியாக மடித்திருக்கிறோம். அந்த மூலையைச் சாய்ந்த தென்னையில் வைத்து, மரம் சாய்ந்திருக்கும் திசையிலேயே, அதற்குச் செங்குத்தாக ஒரு தடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். தடி நிலத்துக்குச் சமாந்தரமாக இராது, நூலோடும் ஒத்துப்போகாது. ஆனாலும் அது செங்குத்துத்தான்.

மடித்த மூலையைப் பெட்டியில் வைத்திருக்கச் சொன்னேன். இனி வரும் பாடங்கள் எல்லாவற்றிலும் அது தேவைப்படும்.

பெப்ரவரி 19, புதன்

சமாந்தரக் கோடுகள், அடிமட்டமும் மூலைமட்டமும் கொண்டு. குறைபாடு ஒன்றே: மூலைமட்டத்தைத் தள்ளும்போது அடிமட்டமும் கூடவே நகர்கிறது. பெருவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து அடிமட்டத்தின் இரு முனையையும் அழுத்த வேண்டும். இடக்கைப் பிள்ளைகள் அடிமட்டத்தை வலப்பக்கம் வைக்கட்டும், அவர்களை வற்புறுத்த வேண்டாம். முடிந்ததும் இரண்டு இடங்களில் செங்குத்துத் தூரத்தை அளந்து எழுத வேண்டும்.

பெப்ரவரி 25, செவ்வாய்

கவராயம். நாளை சிவராத்திரி விடுமுறை, அதற்கு வீட்டுவேலையும் இதிலேயே.

முதலில் கவராயத்தையே சோதிக்க வேண்டும். ஊசி முனையும் பென்சில் முனையும், கவராயத்தை மூடினால் ஒன்றையொன்று தொட வேண்டும். ஆணி இளகியிருந்தால் பாதி வட்டத்திலேயே ஆரை மாறும். கொப்பியின் அடியில் மடித்த பத்திரிகைத் தாள் வைத்தால் ஊசி வழுக்காது. பிடிக்க வேண்டியது தலையிலுள்ள குமிழை, கால்களை அல்ல.

சோதனை வேலை: 5 செ.மீ. ஆரையில் வட்டம், அதே ஆரையால் பரிதியில் ஆறு வெட்டுகள். ஆறாவது வெட்டு தொடங்கிய புள்ளியில் விழ வேண்டும். கவராயம் 1 மி.மீ. விரிந்து 5.1 செ.மீ. ஆனாலும் ஒவ்வொரு வெட்டும் 60 பாகைக்குப் பதில் 61.3 பாகை கடக்கும். ஆறு வெட்டில் 8 பாகை மிஞ்சும், பரிதியில் ஏறக்குறைய 7 மி.மீ. சிறு தவறு ஏழு மடங்காகத் தெரிவதால் பிள்ளைகள் தாமே ஆணியை இறுக்குவார்கள்.

ஆறு இதழ்ப் பூவை எல்லோரும் விரும்பிக் கீறுவார்கள். அதோடு நிறுத்தாமல், அடுத்தடுத்த இரு வெட்டுப் புள்ளிகளையும் மையத்தையும் இணைத்தால் என்ன முக்கோணி என்று எழுதிவரட்டும். 60 பாகைக் கோணம் கீறும் முறை அதற்குள்ளேயே இருக்கிறது.

பெப்ரவரி 28, வெள்ளி

10 செ.மீ. சதுர மட்டை ஒன்றை நேராகப் பிடித்தால் பிள்ளைகளுக்கு அது 'சதுரம்'. அதையே மூலையில் நிற்க வைத்தால் 'சாய்சதுரம்'. பெயரைக் கேட்டால் வேறென்ன தோன்றும்? சாய்ந்த சதுரம் என்றுதானே சொல்கிறது.

இங்கே அவசரப்பட்டுப் பிழை என்று சொன்னால் ஆசிரியரே பிழை. சதுரம் எப்படி நின்றாலும் சாய்சதுரம்தான், ஏனென்றால் நான்கு பக்கமும் சமம். விடை சரி, காரணம்தான் பிழை. ஆகவே "ஏன்?" என்று கேட்டு, மட்டையை மெதுவாக நேராக்கிக் காட்டி, எந்தப் பாகையில் சாய்சதுரம் சதுரமாக மாறியது என்று கேட்க வேண்டும். வகுப்பு அமைதியாகும். அந்த அமைதியைக் கலைக்காமல் விட வேண்டும். பெயர் சாய்விலிருந்து பக்கத்துக்கும் கோணத்துக்கும் நகர்வது அந்த நேரத்தில்தான்.

அடுத்தது பட்டம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி பார்த்த கண்கள் இவை. முச்சை, அதாவது பட்டத்தைப் பறக்கவிடும் நூலோடு இணைக்கும் கட்டு, கட்டத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், அவர்களை முன்னால் அழைக்க வேண்டும். மூங்கில் தடி இரண்டு: 40 செ.மீ., 30 செ.மீ. முனைகளில் 2 மி.மீ. வெட்டு, நூல் நழுவாமல் இருக்க. குறுக்குத்தடியின் நடுவை நெடுந்தடியின் மேல் முனையிலிருந்து 10 செ.மீ.இல் வைத்துக் கட்டி, மடித்த மூலையால் செங்கோணம் பார்த்து, சுற்றி நூல் இழுக்க வேண்டும். மேல் நூல்கள் 18 செ.மீ., கீழ் நூல்கள் 33.5 செ.மீ. அளவில் வரும். இரண்டு சோடி சமபக்கங்கள், அடுத்தடுத்து. கேத்திரகணிதத்திலும் இதன் பெயர் பட்டம்.

இனி முடிச்சை இளக்கிக் குறுக்குத்தடியை 20 செ.மீ.க்கு இறக்கினால் நான்கு நூலும் 25 செ.மீ. பட்டம் சாய்சதுரமாகிவிட்டது. யாரும் எதையும் சாய்க்கவில்லை. இரண்டு தடியும் சம நீளமாக இருந்திருந்தால் சதுரமே கிடைத்திருக்கும்.

பரப்பளவு எப்போது கூடியது என்று கேட்டால் 'சாய்சதுரத்தில்' என்பார்கள். குறுக்குத்தடியை அடியாகக் கொண்ட இரு முக்கோணிகளாகப் பிரித்துக் கணக்கிடட்டும்: முதலில் 150 உம் 450 உம், பிறகு 300 உம் 300 உம். இரண்டு தரமும் 600 சதுர செ.மீ. கடதாசி ஒரு துண்டுகூட அதிகம் செலவாகாது.

மார்ச் 5, புதன்

விளையாட்டுத் திடலில் கரப்பந்தாட்ட ஆடுகளம் கீறினோம். 18 மீற்றர், 9 மீற்றர். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தால் செவ்வகம் என்ற நம்பிக்கையை உடைக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

நான்கு முளையும் அடித்து நான்கு பக்கமும் அளவு நாடாவால் சரிபார்த்த பிறகு, இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். செவ்வகமென்றால் இரண்டும் 20.12 மீற்றர். மூலை 2 பாகை சரிந்திருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஒரு மூலைவிட்டம் 20.40, மற்றது 19.84 மீற்றர் என்று வரும். 56 செ.மீ. வித்தியாசம். அது செவ்வகம் அல்ல, இணைகரம்.

மூலையைச் சரிசெய்ய மேசன்மார் அத்திவாரத்துக்குச் செய்வதையே செய்ய வேண்டும்: ஒரு பக்கத்தில் 3 மீற்றர், மற்றதில் 4 மீற்றர் குறித்து, இரு குறிகளுக்கும் இடையே 5 மீற்றர் வரும்வரை முளையை நகர்த்துவது. நைலோன் கயிறு இழுபடும், அதில் முடிச்சுப் போட்டு அளந்தால் மூலை பிழைக்கும். அளவு நாடா வேண்டும், அதுவும் தொய்யாமல்.

மார்ச் 10, திங்கள்

முக்கோணியின் உயரம். மீண்டும் அதே நோய்: உயரம் என்றால் நிமிர்ந்து நிற்பது. பென்சில் எப்போதும் மேலிருந்து கீழேதான் போகிறது.

A4 தாளில் கவராயத்தால் 13, 14, 15 செ.மீ. பக்கங்களுள்ள முக்கோணி. ஒவ்வொரு பக்கத்தையும் அடியாக வைத்து, தாளைத் திருப்பி, மூலைமட்டத்தைச் சறுக்கி உயரம் வரைய வேண்டும். 13க்கு 12.9, 14க்கு 12, 15க்கு 11.2 செ.மீ. மூன்று வழியிலும் பரப்பளவு 84 சதுர செ.மீ. அளவில் வர வேண்டும். ஒன்று 80 என்று வந்தால் அந்த உயரம் செங்குத்தாக இல்லை. எது என்று பிள்ளையே மடித்த மூலையை வைத்துக் கண்டுபிடிக்கும்.

விரிகோண முக்கோணிக்கு 4, 13, 15 செ.மீ. இதில் 4 செ.மீ. பக்கத்தை அடியாக வைத்தால் உயரம் முக்கோணிக்கு வெளியே விழும். விரிகோணம் இருக்கும் முனையால் அடிக்கோட்டை 5 செ.மீ. நீட்டினால்தான் அதைத் தொடலாம், உயரம் 12 செ.மீ. நீட்டத் தயங்குவார்கள், முக்கோணி கெட்டுவிடும் என்று பயம். மெல்லிய முறிகோட்டால் நீட்டலாம் என்று சொல்லி விடை 24 சதுர செ.மீ. வரும்வரை பொறுக்க வேண்டும். மணி அடிக்கும்போது பலர் அந்தக் கோட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நாளை அதே முக்கோணியை 15 செ.மீ. பக்கத்தில் கிடத்தி, உயரம் 3.2 செ.மீ. என்று வருகிறதா பார்க்க வேண்டும்.