ஆப்பிளே இல்லாத ஆப்பிள் ஜூஸ்

ஜூஸ் கலப்படம்னாலே எனக்கு அமெரிக்கால நடந்த பீச்-நட் கேஸ்தான் ஞாபகம் வரும். குழந்தைங்க சாப்பாடு விக்கிற கம்பெனி அது. '100% ஆப்பிள் ஜூஸ்'னு லேபிள் ஒட்டி வித்தது முக்கால்வாசி சர்க்கரைத் தண்ணிதான், கூட கலரு, ஃப்ளேவர், ஆப்பிளுக்குப் புளிப்பு கொடுக்கிற மாலிக் ஆசிட். குடிச்சதெல்லாம் பச்சக் குழந்தைங்க, நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. சப்ளையர் கொடுத்த கான்சன்ட்ரேட்டோட (தண்ணிய எடுத்துக் கெட்டியாக்கின ஜூஸ்) விலை மார்க்கெட் ரேட்டை விட ரொம்பக் கம்மி, அங்க ஆராய்ச்சிப் பிரிவுக்கு தலைவரா இருந்த ஜெரோம் லிகாரி 1981லயே இது சரியில்லனு மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாரு, யாரும் கேக்கல, வேலைய விட்டுட்டாரு. 1987ல கம்பெனி 215 குற்றத்த ஒத்துக்கிட்டு 20 லட்சம் டாலர் அபராதம் கட்டுச்சு.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? எவ்ளோ சர்க்கரை கரைஞ்சிருக்குனு காட்டுற பிரிக்ஸ் மீட்டர் வச்சு பாத்தா ஒண்ணும் தெரியாது, கரைஞ்சிருக்கிறது எந்த சர்க்கரைனு அது சொல்லாது. கார்பன்லதான் விஷயமே இருக்கு. கரும்பும் மக்காச்சோளமும் காத்துல இருக்கிற கார்பன்டை ஆக்சைடை எடுத்துக்கிற வழி வேற, ஆப்பிள் மரத்தோட வழி வேற, அதனால கார்பன்-13 (கார்பனோட கொஞ்சம் கனமான வகை) அளவு மாறும். ஒரு பொது அளவுகோலை விட ஆயிரத்துக்கு எவ்ளோ கம்மினு மைனஸ்ல சொல்வாங்க: கரும்புச் சர்க்கரைக்கு மைனஸ் 11 கிட்ட, ஆப்பிள் ஜூஸுக்கு மைனஸ் 25 கிட்ட. பாதிக்குப் பாதி சர்க்கரை கலந்தா நடுவுல மைனஸ் 18ல வந்து நிக்கும், மாட்டிக்கும்.

ஆனா பீட்ரூட் குடும்பத்து சர்க்கரைக்கிழங்குல எடுத்த சர்க்கரைய கலந்தா? அதுவும் ஆப்பிள் மாதிரியே கார்பன் எடுக்கிற செடி, இந்த டெஸ்ட்டுல சுத்தமா தப்பிச்சிடும். அதுக்குத்தான் பிரான்ஸ்ல நான்ட் நகரத்துல ஜெரார்ட் மார்ட்டின் குழு 1980கள்ல என்எம்ஆர் (காந்தப்புலத்துல வச்சு அணுக்களைப் பாக்கிற முறை) வழி ஒண்ணு கொண்டு வந்தாங்க, சர்க்கரைய நொதிக்க வச்சு ஆல்கஹால் ஆக்கி அதுல டியூட்டீரியம் (ஹைட்ரஜனோட கனமான வகை) மூலக்கூறுல எந்த இடத்துல எவ்ளோ இருக்குனு பாப்பாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மாலிக் ஆசிட் டெஸ்ட். இந்த ஆசிட்டுக்கு கண்ணாடி பிம்பம் மாதிரி எல், டி-னு ரெண்டு வடிவம் உண்டு. ஆப்பிள் தானா உண்டாக்குறது எல்-மாலிக் மட்டும்தான், ஃபேக்டரில ரசாயனமா செய்யும்போது பொதுவா எல்-லும் டி-யும் சமமா வரும். அதனால ஜூஸ்ல டி-மாலிக் கெடைச்சா வெளிய இருந்து ஊத்தியிருக்காங்கனு சந்தேகமே வேணாம். அதே மாதிரி ஆரஞ்சு ஜூஸ்ல சார்பிட்டால் (சில பழத்துல இருக்கிற, சர்க்கரை மாதிரி இனிக்கிற பொருள்) நல்லா இருந்தா ஆப்பிளோ பேரிக்காயோ கலந்திருக்கு, ஆரஞ்சுல அது இருக்கிறதே இல்லனு சொல்லலாம்.

ஒரே ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டக் காட்டி 'சுத்தம்'னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். எந்த டெஸ்ட் எதைப் பிடிக்காதுனு கலப்படக்காரனுக்கும் தெரியும், கார்பனும் டியூட்டீரியமும் ஆசிடும் சேத்துப் பாத்தாதான் அவனுக்குக் கட்டுப்படி ஆகாது.