கழித்த படங்களை என்ன செய்வது?

காட்டிலிருந்தோ நீர்நிலையிலிருந்தோ திரும்பியதும் கணினியில் நல்ல படங்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை மொத்தமாக அழிப்பது எல்லோருக்கும் வழக்கம். இயற்கை ஒளிப்படத்தில் பலர் ஓரளவு தேறிய பிறகு அதே இடத்தில் நின்றுவிடுவதற்கு இந்த அழிப்பே பெரிய காரணம் என்பது என் எண்ணம். நன்றாக வந்த படத்தில் வெளிச்சம், பறவை, நேரம் எல்லாம் கூடிவந்திருக்கும். அதில் நம் கைவேலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. கெட்டுப்போன படத்திலோ கெட்டதற்கான காரணம் அப்படியே பதிந்திருக்கும். அதை வாசிக்கத் தெரிந்துகொண்டால், அடுத்தமுறை எந்த அமைப்பை மாற்றுவது என்பதும் தெரிந்துவிடும்.

மங்கலிலிருந்து தொடங்குவோம். கழிக்கப்படும் படங்களில் பெரும்பகுதி மங்கலானவைதான். ஆனால் மங்கலில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. படத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, பறவையை மட்டும் பார்க்காமல் அது உட்கார்ந்திருக்கும் கிளையையும் பாருங்கள். கிளையும் பறவையும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. கிளை கூர்மையாக இருந்து பறவையின் தலை மட்டும் இழுபட்டிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. பறவை மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எதுவுமே கூர்மையாக இல்லை, இழுபட்ட திசையும் இல்லை, விளிம்புகள் மட்டும் நெளிந்து இரட்டையாகத் தெரிகின்றன என்றால் அது வெப்பக் காற்றின் வேலை.

கேமரா அசைவுக்கு, லென்ஸின் குவியத் தூரத்தைத் தலைகீழாக்கி ஷட்டர் வேகமாக (ஷட்டர் திறந்திருக்கும் நேரமாக) வைப்பது பழைய கணக்கு. 500 மிமீ லென்ஸுக்கு 1/500 நொடி. 1.5 மடங்கு சிறிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமராவில் இது ஏறக்குறைய 1/800 ஆகும். ஃபிலிம் காலத்து அளவு இது. இன்றைய அடர்த்தியான சென்சாரில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் இதைவிட ஒரு படி கூட்டி வைப்பது நல்லது. அசைவைத் தடுக்கும் வசதி லென்ஸில் இருக்கிறதே என்று 1/60-இல் எடுப்பவர்கள் உண்டு. அந்த வசதி நம் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும். பறவை தலையைத் திருப்புவதை அது தடுக்காது. சிறு பறவைகள் உட்கார்ந்திருக்கும்போதே சட்டென்று தலையைத் திருப்பும், அதற்கே 1/500 வேண்டும். கொக்கு போன்ற பெரிய பறவை பறக்கும்போது 1/1250 முதல் 1/1600, சிறு பறவைக்கு 1/2500 அல்லது அதற்கும் மேல். பட்டனை அழுத்தும் விசையிலேயே கேமரா கொஞ்சம் குலுங்கும் என்பதால், வேகம் குறைவாக வைக்க நேர்ந்தால் மூன்று நான்கு படங்களைத் தொடராக எடுக்க வேண்டும். பெரும்பாலும் முதல் படத்தைவிட இரண்டாவது, மூன்றாவது கூர்மையாக இருக்கும்.

இவ்வளவு வேகம் வைத்தால் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ ஏறுமே என்ற தயக்கம் வரும். ஏறட்டும். ஐஎஸ்ஓ கூடியதால் வரும் இரைச்சலை (படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகளை) மென்பொருளில் பெருமளவு குறைத்துவிடலாம். இழுபட்ட கண்ணைத் திரும்பக் கூர்மையாக்க முடியாது. ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சம் கூட்டினாலும் நிழல் பகுதிகளில் அதே இரைச்சல்தான் வரும், சில கேமராக்களில் இன்னும் மோசமாக. மேனுவல் முறையில் ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் (ஒளி நுழையும் துளையின் அளவு; எஃப்/5.6 என்பதுபோல் குறிப்பார்கள், எண் கூடினால் துளை சிறிது) நாம் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுவது, வெளிச்சம் அடிக்கடி மாறும் இடங்களில் மிக வசதியான ஏற்பாடு.

ஃபோகஸ் தவறுவதைப் புரிந்துகொள்ள ஓர் எண் போதும். முழு அளவு சென்சாரில் (35 மிமீ ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ளது) 500 மிமீ லென்ஸை எஃப்/5.6-இல் வைத்து 10 மீட்டர் தொலைவிலுள்ள பறவையை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 13 சென்டிமீட்டர் அளவுதான். அதில் பாதியோ அதற்குக் குறைவோதான் ஃபோகஸ் விழுந்த இடத்துக்கு முன்னால் இருக்கும். பெரிய பறவை நம்மை நோக்கி நிற்கும்போது நெஞ்சில் ஃபோகஸ் விழுந்தால் அலகும் கண்ணும் அந்த ஆழத்துக்கு வெளியே போய்விடலாம். புதிய கேமராக்கள் கண்ணைத் தாமாகவே கண்டுபிடிக்கின்றன. ஆனால் இலைகளுக்கு நடுவே பறவை இருந்தால் அந்தக் கேமராக்களும் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறத் தெரிந்திருக்க வேண்டும், பட்டனைத் தேடாமலே மாறும் அளவுக்குக் கை பழகியிருக்க வேண்டும். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்புறப் பட்டனுக்கு மாற்றுவதும் இதற்காகத்தான். விரலை எடுத்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும், குறுக்கே ஒரு புல் ஆடினாலும் ஓடாது.

வெப்பக் காற்றின் நெளிவைப் பலர் லென்ஸின் குறை என்று நினைத்து லென்ஸையே மாற்றிவிடுகிறார்கள். வெயில் ஏறியதும் தரையை ஒட்டிய காற்று சூடாகி, சூடும் குளிர்ச்சியும் கலந்து அலைகிறது. வெப்பம் மாறும் இடத்திலெல்லாம் ஒளி சற்று வளைகிறது. நீண்ட லென்ஸில், தரையை ஒட்டி, தொலைவிலுள்ள ஒன்றை எடுக்கும்போது இது முழுதாகத் தெரியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டியும் பயனில்லை, மென்பொருளாலும் சரியாகாது. இருப்பது மூன்றே வழிகள்: தொலைவைக் குறைப்பது, விடியலில் போவது, மேகமூட்டத்துக்குக் காத்திருப்பது. ஓடி நின்ற வண்டியின் சூடான முகப்புக்கு மேலாக எடுத்தாலும் இதே கேடு வரும்.

அடுத்து வெளிச்சத்தில் கெட்டவை. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் அளவி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே ஆக்கப் பார்க்கும். இருண்ட நீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், நீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் கொக்கின் இறகு விவரத்தை அழித்துவிடும். ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) அதற்குச் சற்று மேலோ குறைக்க வேண்டும். அதே கொக்கு வெளுத்த வானத்தில் பறந்தால் ஒரு ஸ்டாப்புக்கு மேல் கூட்ட வேண்டும். ஒரே பறவைக்கு எதிரெதிரான திருத்தம் தேவைப்படுகிறது. ஆகவே பறவையின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ராஃ கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்தாலும் திரையில் காட்டப்படும் ஹிஸ்டோகிராம் கேமரா தயாரிக்கும் ஜேபெக் படத்தைக் கொண்டது. கேமராவிலுள்ள படப் பாணி அமைப்பை மிதமான மாறுபாட்டில் வைத்தால்தான் அது உண்மைக்கு அருகில் வரும். இன்னொன்று, செந்நிறப் பூக்களில் மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் எல்லை தாண்டியிருக்கும். இதழின் மடிப்புகள் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாக வருவது அதனால்தான். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் திரையைப் பயன்படுத்துங்கள்.

மேக்ரோவில், அதாவது சிறியவற்றை மிக அருகிலிருந்து எடுக்கும்போது, பிரச்சினை இன்னும் இறுகும். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் (பொருளின் உண்மை அளவே சென்சாரில் விழும்போது), முழு அளவு சென்சாரில், எஃப்/8-இல் கூர்மையான ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவே. அதனால் எஃப்/22 வரை மூடிவிடத் தோன்றும். அந்த உருப்பெருக்கத்தில் அபெர்ச்சரின் மதிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுவதால் அது எஃப்/44 போல வேலை செய்யும். மிகச் சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவிப் படம் முழுதும் மழுங்கிவிடும். எஃப்/8 முதல் எஃப்/11-க்குள் இருந்துகொண்டு கோணத்தைச் சரிசெய்வதே பலன் தரும். வண்ணத்துப்பூச்சி இறகை மூடி உட்கார்ந்திருந்தால் இறகின் தளத்துக்குச் சென்சாரை இணையாகப் பிடித்தால் போதும், அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே முழு இறகும் அடங்கிவிடும். ஃபோகஸை லென்ஸில் நிறுத்திவைத்து, உடம்பை மெல்ல முன்னே சாய்த்தபடி தொடராக எடுப்பது கையில் பிடித்து எடுப்பவர்களின் முறை.

நிலக்காட்சிக்கு ஓர் எண்ணை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். முழு அளவு சென்சாரில் 24 மிமீ, எஃப்/11, ஃபோகஸ் 1.8 மீட்டரில் என்றால் 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். தொலைவிலுள்ள மலையிலேயே ஃபோகஸ் வைப்பதால்தான் பலருடைய படங்களில் முன்னாலிருக்கும் பாறை மங்குகிறது.

கூர்மையும் வெளிச்சமும் சரியாக இருந்தும் கழிக்கத் தோன்றும் படங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் குற்றவாளி பின்னணி. 500 மிமீ லென்ஸ் முழு அளவு சென்சாரில் பார்க்கும் கோணம் 5 பாகைதான். அதனால் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பின்னாலுள்ள வெளிர்ந்த திட்டு போய் இருண்ட புதர் வந்துவிடும். பறவைக்குப் பின்னால் இலைகள் அரை மீட்டரில் இருந்தால் அபெர்ச்சரை எவ்வளவு திறந்தும் அவை முழுதாகக் கரையாது. தரையில் மேயும் பறவைக்கு, அதன் கண் உயரத்துக்கு நாம் தாழ்ந்தால், பின்னணி ஒரு மீட்டரிலிருந்து முப்பது மீட்டருக்குப் போய்விடும். முழங்கால் நோகும், ஆடையில் சேறாகும். இருந்தாலும் இதற்கு ஈடான பலனைத் தரும் லென்ஸ் எதுவும் இல்லை.

பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே கிளம்பும், இறங்கும். காற்றும் வெயிலும் நம் முதுகுப்பக்கம் இருக்குமாறு உட்கார்ந்தால், அவை நம்மை நோக்கி, வெளிச்சத்தை முகத்தில் வாங்கியபடி வரும். கிளம்புமுன் உடம்பை முன்னே சாய்ப்பதையும், பல பறவைகள் எச்சமிடுவதையும் கவனித்தால் விரல் தயாராக இருக்கும்.

கடைசியாக, கழித்தவற்றை எடுத்த வரிசையிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் படத்தில் இரை தேடிக்கொண்டிருந்த பறவை, பத்தாவது படத்தில் கழுத்தை நீட்டி நேராக நம்மைப் பார்க்கிறது, பதினைந்தாவதில் முதுகு காட்டுகிறது, அடுத்ததில் இல்லை என்றால், நாம் அதை நெருக்கி விரட்டியிருக்கிறோம். அடுத்தமுறை கழுத்து நீளும் அந்த இடத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். அது மறுபடி தலை தாழ்த்தி மேயத் தொடங்கும்வரை கேமராவைத் தூக்கக் கூடாது. கூட்டிலிருக்கும் பறவையிடம் இந்தச் சோதனையும் வேண்டாம். தாய் எழுந்து போன நேரத்தில் முட்டை வெயிலில் காயும், வேட்டையாடும் பறவை கூட்டைக் கண்டுகொள்ளும். அங்கே கேமராவை உறைக்குள் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும்.