சிஸ்டம் திரும்பி வந்த பிறகுதான் ஆபத்து

"சிஸ்டம் வேலை செய்யலம்மா, கொஞ்சம் உட்காருங்க." மருத்துவமனைப் பதிவுக் கவுன்டர்களில் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பழகிப்போன வாக்கியம் இது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் இழுத்தால்தான், எத்தனை வேலைகளைக் கணினியிடம் ஒப்படைத்தோம், ஒப்படைத்த கையோடு அவற்றைச் செய்யும் பழக்கத்தையும் எப்படித் தொலைத்தோம் என்பது வெளியே வரும். நூறு, இருநூறு படுக்கை கொண்ட நடுத்தர மருத்துவமனைகளில் தகவல் தொழில்நுட்பப் பிரிவிலோ ஆய்வகத்திலோ இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் எல்லோரும் பயப்படும் நேரம் ஒன்று, தவறு நடக்கும் நேரம் வேறு.

முதலில், ஏன் நிற்கிறது? வைரஸ், ஹேக்கர் என்று மனம் போகும். பெரும்பாலும் காரணம் அவ்வளவு பெரிதல்ல. சர்வருக்கு யுபிஎஸ் இருக்கும், கவுன்டர் கணினிக்கும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, தாழ்வாரத்துச் சுவரில் தொங்கும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் சாதாரண பிளக் பாயின்டில் இருக்கும். கரன்ட் போனால் இரு முனையும் உயிரோடு இருக்கும். நடுவில் பாலம் இருக்காது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்க 10 முதல் 30 விநாடி ஆகும். அந்த இடைவெளியில் சுவிட்ச் அணைந்து, மீண்டும் எழ இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் பாதி நிரப்பிய பதிவுகள் எல்லாம் அறுந்து போயிருக்கும்.

யுபிஎஸ்ஸின் கதை வேறு. அதற்குள் இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகளின் ஆயுளை 25 டிகிரி செல்சியஸை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். படிக்கட்டுக்கு அடியில், காற்றோட்டமில்லாத அறையில், வேலூர் வெயிலில் வைத்த பேட்டரி ஐந்து வருடம் வரும் என்று எதிர்பார்ப்பது நம் பிழை. பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக நம்பவும் முடியாது. சுமையை ஏற்றிப் பார்க்காதவரை அது வெறும் விளக்குதான். ஜெனரேட்டருக்கும் இதே விதி. வாரம் ஐந்து நிமிடம் சும்மா ஓட்டிவிட்டு "ஓடுது சார்" என்று பதிவேட்டில் எழுதுவார்கள். ஆய்வகமும் ஐசியூவும் ஒன்றாக ஏறும்போது ஓடுமா என்பதுதான் கேள்வி.

இணையத்துக்கு இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கியிருக்கிறோம் என்று நிர்வாகம் நிம்மதியாக இருக்கும். வாசலில் போய்ப் பார்த்தால் இரண்டு கேபிளும் ஒரே குழாய் வழியாக உள்ளே வரும். சாலையைத் தோண்டும் ஜேசிபி ஒரே வாளியில் இரண்டையும் அள்ளிவிடும்.

சரி, நின்றுவிட்டது. பதிவுக் கவுன்டரில் முதல் சிக்கல் எண். நிரந்தர நோயாளி எண்ணைத் தருவது கணினி. அது இல்லாதபோது ஆளாளுக்கு 1, 2, 3 என்று தொடங்கினால், மூன்று கவுன்டரில் மூன்று "7-ஆம் நம்பர்" நோயாளிகள் உருவாகிவிடுவார்கள். அதனால் தற்காலிக எண்களை முன்கூட்டியே அச்சிட்டு, ஓ.பி.க்கு 001 முதல் 200, அவசரப் பிரிவுக்கு 201 முதல் 300 என்று பிரித்து, கட்டு கட்டாக அந்தந்த மேசை இழுப்பறையில் வைத்திருக்க வேண்டும். பெயரை மட்டும் நம்பக் கூடாது. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே வார்டில் மு. செல்வியும் ம. செல்வியும் இருந்தால், அவசரத்தில் எழுதிய அந்த ஒற்றை எழுத்து யார் கண்ணிலும் நிற்காது. பெயர், வயது, அப்பா அல்லது கணவர் பெயர், தற்காலிக எண் என்று நான்கும் ஒவ்வொரு தாளிலும் இருந்தாக வேண்டும்.

கணினி இல்லாமல் அதிகம் தடுமாறுவது ஆய்வகம். ரத்தம் எடுக்கும்போது ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கர் பெயரை மட்டும் சொல்வதில்லை. எந்த மூடிக் குழாய், என்னென்ன பரிசோதனை என்பதையும் அதுதான் சொல்கிறது. ஸ்டிக்கரைப் பார்த்தே குழாய் எடுத்துப் பழகியவருக்கு ஸ்டிக்கர் இல்லாத நாளில் கை நின்றுவிடும். ரத்த அணுக்கள் எண்ணிக்கைக்கு ஊதா மூடி, சர்க்கரைக்குச் சாம்பல், உறைதல் பரிசோதனைக்கு நீலம், சீரத்துக்கு (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் நீர்ப்பகுதி) சிவப்பு அல்லது மஞ்சள் என்று ஒரு அட்டை எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும், பாதித் தவறு குறையும். ஊதா மூடிக் குழாயில் எடுத்துவிட்டு, "அடடா, சீரம் வேணுமே" என்று சிவப்பில் ஊற்றிவிடுவது மிகப் பழைய தவறு. ஊதாக் குழாயில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் கலந்த ஈடிடிஏ. விளைவாகப் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். இல்லாத நோய்க்கு மருத்துவர் ஓடுவார்.

குழாயில் நேரடியாகப் பேனாவால் எழுதினால் அழியும். மார்க்கரும் ஸ்பிரிட் பட்டால் போய்விடும். காகித பிளாஸ்டர் ஒட்டி அதன்மேல் எழுதுவதே பாதுகாப்பு. குழாய் பரிசோதனைக் கருவிக்குள் போனால் அடுத்த தடை. வழக்கமாகக் கருவி பார்கோடைப் படித்து, இந்த ரத்தத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஆய்வகக் கணினியைக் கேட்கும். பதில் வராவிட்டால் சும்மா நிற்கும். டெக்னீசியன் ஒவ்வொரு குழாய்க்கும் ரேக் இடத்தையும் பரிசோதனைகளையும் கருவித் திரையில் கையால் பதிய வேண்டும். ஐந்து குழாய்க்கு இது வேலை. ஐம்பது குழாய்க்கு இது ஒரு தவறு எந்த நேரமும் வரலாம் என்ற காத்திருப்பு.

முடிவு கருவியிலிருந்தே அச்சாகி வரும். ஆனால் அந்தத் தாளுக்கு நோயாளியைத் தெரியாது. வளரும் குழந்தைக்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி அதிகமாக இருப்பது இயல்பு. பெரியவர்களுக்கான வரம்பை வைத்து அந்தத் தாள் "அதிகம்" என்று குறி போட்டிருக்கும். ஆய்வகக் கணினி சத்தமில்லாமல் செய்துவந்த கணக்குகளும் நின்றுபோயிருக்கும். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லைக் கணக்கிட்டுச் சொல்லும் ஆய்வகங்களில், மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பான ஹெச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கே செல்லாது. இந்த இரண்டாவது பாதியை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மென்பொருள்தானே தடுத்துக்கொண்டிருந்தது.

இதைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, அபாய அளவுகள். பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டினால் கணினி சிவப்பில் காட்டும். தாளில் எல்லா எண்ணும் கறுப்பு மையில்தான் இருக்கும். வார்டுக்கு உடனே போன் செய்ய வேண்டிய அளவுகளின் பட்டியல் கருவிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும். போனில் கேட்டவர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் சொன்னார், யார் கேட்டார், மணி என்ன என்று எழுத வேண்டும். மற்றொன்று, பழைய முடிவோடு ஒப்பிடுவது. நேற்று ஹீமோகுளோபின் 8, இன்று 14 என்றால் குழாய் மாறியிருக்கிறது என்று கணினி தடுத்து நிறுத்தும். தாளுக்கு நேற்று என்று ஒன்று கிடையாது.

வார்டில் நிலைமை கொஞ்சம் தேவலை, ஏனென்றால் மூத்த சிஸ்டர்கள் இருக்கிறார்கள். ட்ரிப்ஸ் சொட்டை எண்ணுவது அவர்களுக்கு மூச்சு விடுவது போல. 500 மில்லி திரவத்தை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. இதே அளவை 60 சொட்டு மைக்ரோ செட்டில் ஏற்றப் போனால் நிமிடத்துக்கு 125 சொட்டு, எண்ணவே முடியாது. சொட்டு வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் இன்ஃபியூஷன் பம்ப்பிலேயே பயிற்சி முடித்து வந்த இளையவர்களுக்கு இந்தக் கணக்கு பரீட்சையில் எழுதிய நினைவுதான். பேட்டரியில் ஓடும் பம்ப்கள் சிலவே மிஞ்சும் நிலையில், அவற்றை ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்துகளுக்கு ஒதுக்கி, சாதாரண சலைனைக் கையால் எண்ணுவதற்கு மாற்ற வேண்டும். எந்தப் படுக்கையின் பம்ப்பை எடுப்பது என்பதை அந்த நேரத்தில் விவாதிக்கக் கூடாது.

நடைமுறையில் எல்லோரும் முதலில் ஓடுவது வாட்ஸ்அப்பிடம். ஆய்வக முடிவைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார்கள். எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று நெருங்கி எடுப்பதால் பெயர் இருக்கும் மேல் விளிம்பு வெட்டுப்பட்டிருக்கும். கீழே "இது யாருடையது?" என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். நோயாளியின் அந்தரங்கம் நூறு பேர் போனில் உட்கார்ந்துவிடுவது தனி விஷயம். அதைவிட ஆள் ஒருவர் தாளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது மேல். சிஸ்டம் நிற்கும் நாளில் அட்டெண்டர்கள்தான் நெட்வொர்க்; அன்றைக்கு இரண்டு பேரைக் கூடுதலாக அழைக்க யாருக்கு அதிகாரம் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும்.

பணக் கவுன்டர் தனித் தலைவலி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, பணமதிப்பிழப்பு அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கையில் ரொக்கம் இல்லை. மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாததால் கார்டு இயந்திரமும் இல்லை. இன்று ரொக்கம் தாராளமாக இருக்கிறது, ஆனால் யார் பையிலும் இல்லை. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியபோது மருந்துக் கடை வரிசையில் நின்றவர்களுக்கு அது புரிந்திருக்கும். கவுன்டரில் ஒரு விதி போதும்: வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாமல், நம் கணக்கில் வரவு வந்ததா என்று பார்ப்பது. அவசரப் பிரிவில் அதையும் பார்க்காமல் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வசூலிப்பது. வசூலாகாமல் போனாலும் பரவாயில்லை என்று எழுத்தில் இருந்தால்தான் இரவு டியூட்டியில் இருப்பவர் துணிவார்.

பெரிய தாக்குதல்களும் நடக்காமல் இல்லை. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடக்கப்பட்டன. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காமல் விட்டதே வழி திறந்தது என்றும் சொன்னது. ஏறக்குறைய இரண்டு வாரம் பதிவும் பரிசோதனையும் கையால் நடந்தன. 2024 ஜூலை 19 அன்றோ தாக்குதலே இல்லை. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான பிழையான ஒரு புதுப்பிப்புக் கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. தீர்வு எளிது: சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு கணினி முன்னாலும் ஒரு ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. பாதுகாப்புக்காகக் கணினியின் வட்டு குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் நீளமான மீட்பு எண் வேண்டும். அந்த எண்களைச் சேமித்து வைத்த சர்வரும் சேர்ந்து படுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. பூட்டுத் திறப்பு எண்கள், முக்கியத் தொலைபேசி எண்கள், காலிப் படிவங்கள் ஆகிய மூன்றும் காகிதத்தில் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து. அவசரகாலப் படிவத்தின் ஒரே பிரதி சர்வரில் இருப்பது, பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைப்பதுதான்.

காப்புப் பிரதிக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். எப்போதும் நெட்வொர்க்கில் செருகியே இருக்கும் பிரதியை, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அசலோடு சேர்த்தே பூட்டிவிடும் என்பதும் தெரியும். ஆனாலும் "பேக்கப் வெற்றி" என்று தினம் வரும் மின்னஞ்சலைப் பார்த்தே காலம் ஓட்டுகிறோம். வேறொரு கணினியில் அதை விரித்து, நேற்றைய ஒரு நோயாளியின் முடிவைத் திறந்து பார்க்காதவரை அது பேக்கப் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

இனி, தலைப்பில் சொன்ன நேரம். சிஸ்டம் திரும்பி வருகிறது. எல்லோர் முகத்திலும் நிம்மதி. நின்றிருந்த நேரம் முழுக்க ஜாக்கிரதையாக இருந்தவர்கள் இப்போது தளர்கிறார்கள். தவறுகள் இங்கேதான் குவிகின்றன.

மாலை 6 மணி ஊசியை சிஸ்டர் போட்டுவிட்டுத் தாளில் எழுதியிருக்கிறார். 7 மணிக்குத் திரை உயிர் பெறுகிறது. அதில் 6 மணி ஊசி "நிலுவை" என்று ஒளிர்கிறது. 8 மணிக்கு ஷிஃப்ட் மாறி வந்தவர் திரையை நம்பினால் இரண்டாவது முறை போட்டுவிடுவார். இன்சுலினாக இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் முதலில் ஏற்ற வேண்டியது பில்லும் ஓ.பி. பதிவும் அல்ல, கொடுத்த மருந்துகள். அது முடிந்ததாக வார்டுப் பொறுப்பாளர் கையெழுத்திடும்வரை, திரை இயங்கினாலும் தாள்தான் செல்லும்.

அடுத்தது நேரம். காலை 10 மணிக்கு எடுத்த ரத்தத்தின் பொட்டாசியத்தை மாலை 6 மணிக்கு ஏற்றினால், மென்பொருள் தன் போக்கில் 6 மணி என்று முத்திரை குத்தும். இடையில் சிகிச்சை கொடுத்து அளவு இறங்கியிருக்கும். இரவு டியூட்டி டாக்டர் பழைய எண்ணைப் புதியதென்று எண்ணி மறுபடி மருந்து எழுதலாம். மாதிரி எடுத்த நேரத்தைத் திருத்தும் அனுமதி ஏற்றுபவருக்கு இருக்க வேண்டும்; மென்பொருள் அதற்கு இடம் தராவிட்டால் குறிப்புப் பகுதியில் "காலை 10 மணி மாதிரி" என்று எழுதித்தான் ஆக வேண்டும். பல மென்பொருள்களில் அந்தக் குறிப்பு முதல் திரையில் தெரியாது என்பது இன்னொரு கொடுமை.

தற்காலிக எண்களை நிரந்தர எண்ணோடு இணைப்பது மூன்றாவது. இரண்டு செல்விகளைத் தவறாக ஒட்டிவிட்டால் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத வேலை. ஒருவர் படிக்க, மற்றவர் ஏற்ற வேண்டும். ஏற்றிய தாளில் கையெழுத்தும் நேரமும் போட்டு வேறு தட்டில் வைக்க வேண்டும். "ஏற்றியாச்சா, இல்லையா" என்று சந்தேகம் வரும் ஒரே ஒரு தாள் இருந்தாலும் கட்டு முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டிவரும். தாள்களைக் கிழித்துப் போடாமல் நோயாளியின் கேஸ் ஷீட்டோடு கோத்துவிடுவது நல்லது.

ஒத்திகை நடத்தும் மருத்துவமனைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சிஸ்டத்தை நிறுத்திப் பார்ப்பார்கள். கார்பன் தாள் இல்லை, படிவம் பழைய பெயரில் இருக்கிறது, இன்டர்காமும் நெட்வொர்க்கில்தான் ஓடுகிறது என்பதெல்லாம் அன்று தெரியவரும், பயனுள்ள வேலை. ஆனால் இரண்டு மணி நேரம் முடிந்ததும் டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்துத் தாள்களை உட்கார்ந்து ஏற்றிப் பார்த்தால் மேலும் நாலு மணி நேரம் ஆகும், கூடுதல் ஆளும் வேண்டும். நிர்வாகம் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே தாளுக்கு இறங்குவதில் நமக்குக் கொஞ்சம் பயிற்சி இருக்கிறது. தாளிலிருந்து திரைக்கு ஏறுவதை மட்டும் ஒவ்வொரு முறையும் நிஜ நோயாளிகளை வைத்தே கற்றுக்கொண்டிருக்கிறோம்.